டீமேக்கர் வீட்டுக் கடல்

கடல் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டுத் தரம் சொல்லும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் கடலே இல்லாத மாத்தளையில், அலுவிகாரையில், எங்கள் எதிர் வீட்டில் இருக்கிறார்.

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் யாருக்கும் தெரியாது. டீமேக்கர் என்றால் போதும். காலமெல்லாம் தேயிலையை ருசி பார்த்த நாக்கு அவருடையது. ரசம், கல்யாணவீட்டுப் பாயாசம், இருமல் மருந்துப் பாணி, எதுவானாலும் உறிஞ்சித்தான் தீர்ப்புச் சொல்வார். சபையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். திருகோணமலைக்காரர். முழங்கால் வலி வந்தபின் பஸ் ஏற முடியாமல் ஊருக்குப் போவதே நின்றுவிட்டது. ஒருநாள், "இனி கடலப் பாப்பேனோ என்னவோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"நீ எங்கயும் போக வேணாம். அத நான் இங்க கொண்டாறேன்" என்றார் டீமேக்கர். மறுவாரமே முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி.

குழாய்த் தண்ணீரில் குசினியில் சமைக்கிற உப்பைக் கொட்டிக் கலக்கினார். உறிஞ்சினார். "கடல்தான் தம்பி, சந்தேகமே இல்ல" என்றார். கொழும்பிலிருந்து இரண்டு ஆரஞ்சு நிறக் கடல்மீன்களைப் பையில் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரை இருமக்கூட விடாமல் கொண்டுவந்தார். சாயங்காலமே இரண்டும் மிதந்தன.

அக்கா அழுதுவிட்டார். "ஒங்க நாக்குக்கு ரெண்டு உசுரு போச்சு. இன்னொன்னு செத்துச்சின்னா தொட்டிய வெளிய போட்டுருவேன். எனக்குக் கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அதற்குப் பிறகுதான் டீமேக்கர் என்னைத் தேடி வந்தார். போனில் படித்துச் சொன்னேன். கடல்மீனுக்கென்று தனி உப்பு இருக்கிறது. மீன் விடுவதற்கு முன் தொட்டியைச் சில வாரம் வெறுமனே ஓடவிட வேண்டும்; அப்போதுதான் மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதில் வளரும்.

"தேயிலக் கொழுந்த வாட்டுற மாதிரின்னு சொல்லு. வாடாத கொழுந்த மெசின்ல போட்டா தேத்தூளா வரும்?" என்றார்.

அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியாக ஒரு இறாலை அழுகவிடலாம் என்றும் நான் சொல்லித் தொலைத்தேன். அவர் ஒரு கை நிறையப் போட்டார். தெருமுனைவரை நாறியது. தபால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "வீட்டுல எல்லாரும் சொகந்தானே?" என்று கவலையோடு விசாரித்தார்.

மீனே இல்லாத தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வாரக்கணக்கில் காவல் இருந்தார். வந்தவர்கள் "மீன் எங்கங்க?" என்றால், "மீன் கெடக்கட்டும், தண்ணியப் பாருங்க" என்பார். அவர்களும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். உப்பின் அளவைக் காட்டும் மானி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நாக்கு ஒன்று சொன்னது, மானி வேறொன்று சொன்னது. "மானி கோளாறு" என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

நாற்றம் அடங்கி, தண்ணீரை மாற்றி, மறுபடி மீன் வாங்கி வந்த அன்று என்னைக் கூப்பிட்டார். மீன் பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கரண்டியை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"தம்பி, அந்த மானிய எடுத்து நீயே பாரு."

"ஒங்க நாக்கு என்னாச்சுண்ணே?"

"தேத்தண்ணி கெட்டா வேற ஊத்திக்கலாம். இவ இன்னொருக்கா அழுதா எனக்குத் தாங்காதுப்பா."

மானி சொன்னபடி உப்பைச் சரிசெய்தோம். பையைத் திறந்ததும் மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. டீமேக்கர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இரண்டும் வெளியே வந்து தீனி தின்றன.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பிடி?" என்றார் டீமேக்கர்.

"எங்க ஊருக் கடல்தான். ஒரு சிட்டிக உப்பு கூட."

அவர் இருக்கும்போது ருசிக்குத் தீர்ப்புச் சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. அன்று மட்டும், "கூடத்தான், கூடத்தான்" என்று பூனை மாதிரி அடங்கித் தலையாட்டினார்.

மானியில் அளவு இம்மியும் பிசகாமல் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் மானியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.