தெய்வானைக் கரடி பாட்டில் வாங்கிய கதை

ஒரு காட்டில், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, தெய்வானை என்றொரு கரடியம்மா இருந்தாள். கிருத்திகை விரதம் ஒன்றுகூடத் தவறாதவள். அவள் மகன் கதிரேசன் வேலைக்கென்று ஹங்கேரி போனான். போன இடத்தில் ஈலோனா என்ற கரடிப் பெண்ணிடம் மனசைக் கொடுத்துவிட்டான். சம்பந்தம் பேசப் பெண் வீட்டார் அவனோடு காட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

வருவதற்கு முந்தின நாள் போனில் மகன் சொன்னான்: "அம்மா, அவங்க ஊர்ல பழத்துல காய்ச்சுற சரக்கு ஒண்ணு இருக்கு. பாலிங்கான்னு பேரு. அதை ஊத்தித்தான் பேச்சையே ஆரம்பிக்கணும். மட்டமானதை வெச்சா பொண்ணோட அப்பா எந்திரிச்சுப் போயிடுவாரு. நீதான் பார்த்து வாங்கி வைக்கணும்."

"முருகா, எந்தக் கடை வாசல்ல என்னை நிறுத்துற பாரு!" என்று புலம்பிக்கொண்டே கிளம்பினாள்.

நரியின் வெளிநாட்டுச் சரக்குக் கடையில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றாள். முந்தானையால் முகத்தை மூடியும் பயனில்லை. பின்னால் நின்ற காட்டுப்பன்றி கண்டுபிடித்துவிட்டான்.

"என்னக்கா, பஜனை மடத்தை இங்க மாத்திட்டாங்களா?"

"சும்மா இரு தம்பி. என் கவலை எனக்கு."

நரி பொன்னிறப் பாட்டில் ஒன்றை நீட்டினான். உள்ளே முழுப் பேரிக்காய் மிதந்தது. "செல்போன்ல அஞ்சு நட்சத்திரம் வாங்கின சரக்கும்மா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

"கண்ணை மூடினா எனக்கு மூக்கு திறந்துக்கும். உள்ளங்கையில ஒரு சொட்டு விடு."

தேய்த்தாள். நெடி அடங்கட்டும் என்று பொறுத்திருந்து முகர்ந்தாள். "மிட்டாய் வாசனையில்ல அடிக்குது! சர்க்கரையும் எசன்ஸும் போட்டிருக்கான். பழம் சும்மா வேடிக்கை பார்க்குது."

நரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வரிசை முணுமுணுத்தது. கடைசியாக வந்த பாட்டிலில் ஒரு படம்கூட இல்லை. சரக்கு தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. கையில் தேய்த்ததும் பிளம்ஸ் பழத்தை அப்போதுதான் பிட்டதுபோல் மணந்தது.

"கண்ணுக்குத் தெரியாத பழம் மூக்குக்குத் தெரியுது பாரு! இதைக் கட்டு."

மறுநாள் ஈலோனாவின் அப்பா பேலா ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா காய்ச்சின மாதிரியே இருக்கு! இப்படிப் பொறுக்கி எடுக்க எத்தனை வருஷம் குடிச்சிருக்கணும் சம்பந்தியம்மா!"

"ஐயையோ, நான் தொட்டதே இல்லீங்க. மோந்து பார்த்துத்தான் எடுத்தேன்."

பேலாவின் முகம் சுருங்கியது. "குடிக்காத மூக்குக்கு என்ன தெரியும்? கடைக்காரன் கொடுத்ததைத்தானே தூக்கிட்டு வந்தீங்க? குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பியா நான் பொண்ணைக் கொடுக்கிறது?" என்று எழுந்தே விட்டார். ஈலோனா விசும்பினாள். கதிரேசன் அம்மாவைப் பார்த்தான்.

தெய்வானை சுவரிலிருந்த முருகன் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"வெட்கத்துல மறைச்சுட்டேன் சம்பந்தி. பல்லு முளைச்ச நாள்லேருந்து குடிக்கிறேன். இன்னைக்கு விரதம், அதான் கையால தொடல."

"இதுவல்லவோ குடும்பம்!" என்று பேலா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

நீதி: சரக்கு சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் பொய்யிலும் கலப்படம் இருக்கக் கூடாது.