தங்கள் தங்கை கையில் வாள் வந்த விதம்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறோம். (இந்த வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்கவும்.) அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட குரலை வைத்துப் பார்த்தால் தங்களுடைய ரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தது போலத் தெரிந்தது. இதற்குள் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

"மாப்பிள்ளை, என் தங்கச்சியை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். தங்கள் மகள் காட்டிய போட்டோ உண்மைதான். வெள்ளைச் சட்டை போட்டு, முகத்துக்கு முன்னால் கொசுவலை மாதிரி இரும்பு வலையை மாட்டிக்கொண்டு, கையில் வாளோடு நிற்பது தங்கள் தங்கையேதான். பின்னால் ஒயரில் சிக்கி ஒற்றைக் காலில் நிற்பது அடியேன். ஆனால் தாங்கள் நினைப்பதுபோல் நான் அவளை யார் மேலேயும் ஏவிவிடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள், நான் தடுக்கவில்லை.

கடைவீதி முனையில் காய்கறிப் பையோடு வந்தவளை டெலிவரி பைக் ஒன்று தட்டிவிட்டதும், மணிக்கட்டு முறிந்ததும் தங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து, அவளுக்காக வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களைத் தாங்களே உரித்துத் தாங்களே சாப்பிட்டுவிட்டுப் போனதும் நினைவிருக்கும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. கட்டைப் பிரித்தார்கள், எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் மனுஷி வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். பேங்க், கரண்ட் ஆபீஸ், கடை கண்ணி என்று வெளி உலகம் மொத்தத்தையும் ஒற்றை ஆளாக நிர்வாகம் செய்தவள், எதிர்வீட்டுக் குழந்தை தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டு வந்தால்கூடச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். யாராவது எதிரே வேகமாக வந்தால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும். நானோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக ஜன்னலோர நாற்காலியை விட்டு அதிகம் எழுந்தவன் இல்லை. முதல் முதலாகத் தக்காளி வாங்கப் போய், மொத்தத்தையும் பையின் அடியில் போட்டு அதன் மேல் பூசணிக்காயை வைத்து எடுத்துவந்தேன். தங்கள் தங்கை அதைப் பார்த்துவிட்டு, நசுங்கியதை ரசத்துக்கு என்று எடுத்து வைத்தாள் மச்சான். அவள் திட்டவில்லை என்றதும்தான் எனக்குக் கவலை பிடித்தது.

மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார்கள். ஆட்டோவில் ஏற்றி, வழி முழுக்க அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்க, ஒருவழியாக அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாடியில் எதிரெதிரே இரண்டு கதவு. நான் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தைரியமாக இடப்பக்கத்துக் கதவைத் தள்ளினேன். தள்ளினால், வெள்ளை வெளேரென்று, முகமே இல்லாத ஒரு உருவம் வாளை நீட்டிக்கொண்டு என்னை நோக்கிப் பாய்ந்து வருகிறது! நான் "ஐயோ" என்று கத்திக்கொண்டே குடையை ஓங்கிவிட்டேன். உருவம் ஆணி அடித்தமாதிரி நின்றது. வலையைக் கழற்றியது. உள்ளே இருந்தது ஒரு இளம்பெண்.

"சார், குடையைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. யார் கண்ணுலயாவது பட்டுடப் போகுது" என்றாள், வாளை வைத்துக்கொண்டு.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், தங்கள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் மச்சான், பிசியோதெரபி முடிந்த ஒவ்வொரு நாளும், "ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டுப் போலாமா?" என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

அது ஒரு வாள்வீச்சுக் கிளப். அங்கே இருக்கிறவர்களைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நன்றி சொல்லவேண்டிய ஆட்கள் அவர்கள்தான். என்மேல் பாய்ந்த பெண்தான் இடக்கை டீச்சர். இடது கையால் ஆடுவதால் அந்தப் பெயர். தலைமைக் கோச், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம். ஆனால் குரல் மட்டும் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல் இருக்கும். அவர் வாயைத் திறந்தால் கூடமே ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "மெதுவா." வாசல் மேஜையில் ஊசியம்மா. வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும், கிழிந்த ஆட்டச் சட்டைகளைத் தைப்பதும், போட்டி என்றால் நடுவராக நிற்பதும் அவர்தான். மூன்று வேலையையும் ஒரே முகத்தோடு செய்வார், அது சிரிக்காத முகம். அப்புறம் வாளையும் மின்சாரப் பெட்டிகளையும் பழுது பார்க்கும் ஒயர்காரர்.

வேடிக்கை பார்க்க வந்தவளை ஒருநாள் இடக்கை டீச்சர் கூப்பிட்டாள். "அம்மா, சும்மா எழுந்து நில்லுங்க. வாளெல்லாம் கிடையாது. நான் ஒரு அடி வந்தா நீங்க ஒரு அடி பின்னால போங்க. அவ்வளவுதான்."

தங்கள் தங்கை எழுந்தாள். டீச்சர் ஒரு அடி வைத்தாள். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி என் கண்ணையும் மூடிக்கொண்டேன். டீச்சர் திட்டவில்லை, தைரியம் சொல்லவில்லை, பாவம் என்றும் பார்க்கவில்லை. இவள் கண்ணைத் திறக்கும்வரை அதே இடத்தில் நின்றாள். திறந்ததும் மறுபடி ஒரு அடி. இப்படியே பல நாள். சுற்றிலும் மற்றவர்கள் சடசடவென்று வாள் மோத, இவர்கள் இருவரும் மட்டும் கூடத்தின் ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்கள். பெரிய கோச் அந்தப் பக்கம் வந்தால், "மெதுவா" என்பார். இதைவிட மெதுவாக எப்படி நடப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் டீச்சர், "இப்ப நீங்க வாங்க, நான் போறேன்" என்றாள். தங்கள் தங்கை ஒரு அடி முன்னால் வைத்தாள். டீச்சர் பின்னால் போனாள். இவள் இன்னொரு அடி வைத்தாள். டீச்சர் இன்னும் பின்னால் போனாள். இவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"நான் வந்தா நீ பின்னால போவியா?" என்று கேட்டாள், நம்பாமல்.

"வேற என்னம்மா பண்றது? இடிச்சுக்க முடியுமா?"

அதைக் கேட்டதும் தங்கள் தங்கை அந்தப் பெண்ணைக் கூடத்தின் மறுகோடிச் சுவர்வரைக்கும் விரட்டிக்கொண்டு போனதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மறுவாரம் கையில் வாள் வந்தது. ஊசியம்மா அளவெடுத்து, ஒரு பழைய சட்டையை இடுப்பில் பிரித்து, அவளுக்குப் பொருந்தும்படி தைத்துக் கொடுத்தார். "மூச்சை அடக்காதீங்க, சட்டை பொய் சொல்லும்" என்று அளவெடுக்கும்போது ஒரு அதட்டல் வேறு.

இந்த இடத்தில் என்னால் நடந்த அசம்பாவிதத்தையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். வாள் நுனி எதிராளியின் மேல் பட்டால் விளக்கு எரியவேண்டும் என்பதற்காக, ஆடுகிறவர் முதுகில் ஒரு ஒயரை மாட்டுகிறார்கள். அது தரையில் உள்ள சுருள் பெட்டியிலிருந்து வருகிறது. ஆள் முன்னால் போனால் நீளும், பின்னால் வந்தால் தானே சுருண்டுகொள்ளும். பயிற்சி முடிந்து அவள் ஒயரைக் கழற்றத் திணறியபோது, உதவி செய்யலாமே என்று நான் போய்க் கழற்றினேன். "சார், விட்டுடாதீங்க!" என்று ஒயர்காரர் கத்தியதும், யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்ததும், கையை விட்டதும் ஒன்றாக நடந்தன. ஒயர் சீறிக்கொண்டு கூடத்தின் குறுக்கே பறந்து, போகிற போக்கில் விளக்குப் பெட்டியையும் மேஜையிலிருந்து இழுத்துத் தரையில் போட்டது. மறுநாள் கிளப்புக்குள் அறுபது தாண்டியவர்களுக்கான போட்டி. தங்கள் தங்கையின் முதல் போட்டி. விளக்கு செத்துவிட்டது.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. பெரிய கோச் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெதுவா திறந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான்! நானும் ஒயர்காரரும் பட்டறை அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். உள்ளே பார்த்தால், என் பழைய எக்ஸ்சேஞ்சின் சின்னத் தம்பி மாதிரி இருக்கிறது மச்சான். சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும் என் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஒயர்காரர் ஒரு முனையைப் பிடிக்க நான் மறுமுனையைப் பற்றவைக்க, பொழுது சாய்வதற்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "சார், நாளைக்கும் வருவீங்களா? இதே மாதிரி இன்னும் ஒரு அலமாரி நிறைய கிடக்கு" என்றார். நான் யோசித்துச் சொல்வதாகப் பிகு பண்ணிக்கொண்டேன்.

போட்டியில் தங்கள் தங்கைக்கு எதிரே ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டரம்மா. பல ஆண்டுகளாக ஆடுகிறவர், வலிக்காமல் குத்துவதில் அனுபவசாலி. அவர் புள்ளிமேல் புள்ளியாக எடுத்துக்கொண்டே போனார். ஆனால் மச்சான், எதிரே அந்த அம்மாள் பாய்ந்து வரும்போதெல்லாம் நான் வலைக்குப் பின்னால் தெரிந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தே இருந்தன. கடைசியில் டாக்டரம்மா பாய, இவள் ஒரு அடி பின்னால் வைத்து, கையை நீட்ட, எங்கள் விளக்கு எரிந்தது! நான் எப்போது எழுந்தேன், எப்போது கத்தினேன், எப்போது ஆடுகளத்துக்குள் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஊசியம்மா முகம் மாறாமல் என்னை நோக்கி மஞ்சள் அட்டையைக் காட்டினார். ஒயரில் கால் சிக்கியதும் அப்போதுதான், தங்கள் மகளிடம் உள்ள போட்டோ அந்தக் கணத்தில் எடுத்தது. ஆட்டத்தில் தங்கள் தங்கை தோற்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்று ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றாள். விபத்து நடந்த அதே முனை. ஒரு பைக் விர்ரென்று வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. அலட்டிக்கொள்ளாமல் ஒரு அடி பின்னால் வைத்தாள், பைக் போனது, சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நான்தான் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

"என்னங்க, அங்கேயே நின்னுட்டீங்க?"

"கண்ல தூசி" என்றேன்.

ஆகையால் மச்சான், தாங்கள் கோபப்பட வேண்டுமானால் அந்த பைக் ஓட்டியவன் மேல் படுங்கள். கிளப்காரர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெண்ணின் பயத்தை அவர்கள் பிடுங்கி எறியப் பார்க்கவில்லை, அது தானாகக் கிளம்பிப் போகும்வரை பக்கத்தில் நின்றார்கள். வீட்டுக்குள் முடங்கிப்போன என் மனைவியை நான்தான் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனேன் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. இன்றைக்கும் துணைக்கு நான் போகாமல் அவள் போவதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், எடுத்த காரியமெல்லாம் அவர்களுக்கு ஜெயமாகட்டும். தாங்கள் நெடுநாள் நல்ல உடம்போடும் சற்றுக் குறைந்த குரலோடும் வாழ வேண்டும்.

தங்கள் அன்புக்குரிய,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு இவர் பட்டறைக்கு ஓடிவிட்டார். படித்துப் பார்த்தேன். பயந்தது நிஜம், அந்தப் பெண் எனக்காகக் காத்து நின்றதும் நிஜம். ஆனால் பயம் போட்டிக்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டது. இவர் மத்தியானம் தூங்கும்போது அந்த முனையைத் தாண்டி எத்தனையோ தடவை தனியாகக் கடைக்குப் போய் வந்திருக்கிறேன். சொல்லியிருப்பேன். சொன்னால், "அப்ப நீயே போயிட்டு வந்துடு" என்று இவர் திரும்ப அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரே. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதில் இவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கவலை பிடித்தது. கூட ஆள் இல்லாமல் கிளப்புக்கு வரமாட்டேன் என்று நான் அடம்பிடித்தது அதனால்தான். டீச்சருக்கும் பெரிய கோச்சுக்கும் இது தெரியும், ஊசியம்மா சிரிக்காமல் ரகசியத்தைக் காப்பாற்றினார். அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. மனசு வரவில்லை. இப்போது கூப்பிட்டால்கூட இவர் பட்டறையை விட்டு வீட்டுக்கு வருவதில்லை.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச நாளைக்கு இவர் மேல் கோபமாகவே இருங்கள் அண்ணா. உங்களுக்குப் பதில் எழுதிய இரண்டு நாளும் வீட்டில் இவர் பாட்டுப் பாடிக்கொண்டே திரிந்தார்.