மாமனாரும் மஞ்சள் புஷ்ஷும்

என் மாமனார் மாதாமாதம் என் வீட்டுக்கு வருவதை நிறுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு, அது என் காருக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் பட்ட சந்தோஷம், என் கல்யாணத்தன்று கூடப் பட்டதில்லை.

மாமனார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருடைய விசில் பெறவில்லை. விடிவதற்கு முன்பே எங்கள் அறைக் கதவுக்கு வெளியே நின்று ஓர் ஊது ஊதுவார். எனக்குக் கண் திறக்காது, ஆனால் கை இரண்டும் தானாக மேலே போய்விடும். கூடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

"மாப்பிள்ளை, தொப்பையை உள்ள இழுங்க!"

இழுப்பேன். மூச்சுதான் உள்ளே போகும். தொப்பை போட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.

மாமியார் போன பிறகு அவர் வேறு ஊரில் தனியாக இருந்தார். பஸ்ஸில் ஏற மாட்டார். ஜனங்கள் வரிசையில் நிற்காமல் முட்டி மோதி ஏறுவதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் மாதம் ஒரு தடவை நான்தான் காரில் போய்க் கூட்டி வருவேன். ரெண்டு நாள் இருப்பார். திரும்பக் கொண்டுபோய் விடுவேன். அந்த ரெண்டு நாளும் பாப்பா தாத்தா மடியை விட்டு இறங்காது. என் மனைவி நிதானமாகத் தலை சீவிக்கொள்வாள். கைக்குழந்தைக்காரிக்குத் தலை சீவ நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விசில்தான்.

நிற்க. என் கார் பழையது. கொஞ்ச நாளாகப் பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'கடக்' என்றது. பிறகு மேட்டில் ஏறினாலும் 'கடக்' என்றது. கடைசியில் நான் கதவைச் சாத்தினாலே 'கடக்' என்றது. மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கிழிந்து தொங்கும் ஒரு ரப்பர் உருளையோடு வெளியே வந்தார்.

"சார், புஷ் போச்சு."

"அப்படின்னா?"

"சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கையும் வண்டியோட உடம்பும் சேர்ற இடத்துல இது இருக்கும். ரோட்டுல விழற அடியை எல்லாம் இதுவே வாங்கிக்கும். மேல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அடி வாங்குகிற ஒரு ஜீவன். எனக்கு அதன்மேல் உடனே ஒரு சொந்தம் வந்துவிட்டது.

"கம்பெனி புஷ் இந்தப் பழைய மாடலுக்கு இப்ப வர்றதில்ல சார். வெளி ஆளுங்க தயாரிக்கிறதைத்தான் போடணும். அதுல ரெண்டு வகை. கறுப்பு ரப்பர், மெத்துனு இருக்கும். வண்டி தொட்டில் மாதிரி போகும். இன்னொண்ணு மஞ்சள். கெட்டி. பந்தயத்துல ஓட்டுறவங்க போடுறது. திருப்பத்துல வண்டி ஒரு ஆட்டம் ஆடாது. ரொம்ப நாள் உழைக்கும். ஆனா..."

"ஆனா?"

"ரோட்டுல கிடக்கிற கல்லு ஒவ்வொண்ணும் நேரா உங்க முதுகோட பேசும். வயசானவங்க ஒரு தடவை ஏறினா மறு தடவை ஏற மாட்டாங்க."

"அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். காதுக்குள் தேன் ஊற்றின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன்.

"வண்டிக்கு புஷ் மாத்தணும். நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

"நானும் வர்றேன்."

"அங்க எல்லாம் எண்ணெயும் கிரீஸுமா இருக்கும். நீ எதுக்கு?"

"நானும் பாப்பாவும் அந்த வண்டியிலதானே உட்காருறோம்?"

"உனக்கு புஷ்ஷைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்கு?"

இதற்குமேல் பேசினால் எனக்கு என்ன தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். கூட்டிக்கொண்டு போனேன்.

என் மனைவி வெளி ஆள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். கூச்சம். என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று என் தோளிடம் பேசுவாள். நான் அதை எதிராளிக்குச் சொல்ல வேண்டும். மெக்கானிக் பானெட்டின் மேல் துணி விரித்து, ரெண்டு வகையையும் வரிசையாக வைத்திருந்தார். இவள் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, கட்டை விரலால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள். கறுப்பு அமுங்கியது. மஞ்சளில் நகம்தான் மடங்கியது.

"இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்குன்னு கேளுங்க" என்று என் தோளிடம் சொன்னாள்.

"கெட்டியா இருந்தாத்தான் உழைக்கும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

"உங்களைக் கேட்கல, அவரைக் கேளுங்க."

மெக்கானிக் வாயைத் திறந்தார். "உழைக்கும்தான் மேடம், ஆனா முதுகு..."

நான் இருமினேன். அவர் நிறுத்தினார். மறுபடி "முதுகு" என்றார். மறுபடி இருமினேன். அவர் போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

இதற்குள் அவள் இடுப்பிலிருந்த பாப்பா கையை நீட்டி மஞ்சளை எடுத்து வாயில் வைத்து, முளைத்தும் முளைக்காத ரெண்டு பல்லால் ஒரு கடி கடித்தது. வீல் என்று அலறியது. மனைவி அதை வாங்கி வைத்துவிட்டு, கறுப்பைத் துடைத்துக் கொடுத்தாள். சத்தம் சட்டென்று நின்றது.

"பாப்பா கறுப்புதான் கேட்குதுங்க."

"பாப்பாவா கார் ஓட்டுது?"

"அப்பாவுக்கும் மெத்துனு இருந்தா நல்லதுதானே? அங்க தனியா இருக்காருங்க. தலை வலிச்சா ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் இல்ல. நம்ம வீட்டுக்கு வர்றது ஒண்ணுதான் அவருக்கு..."

மனசு கொஞ்சம் இளகியது. அது கறுப்பு ரப்பர் மனசு. ஆனால் காதுக்குள் விசில் கேட்டது. கெட்டியானேன்.

"மாமாவோட பாதுகாப்புக்காகத்தான் மஞ்சள். திருப்பத்துல வண்டி ஆடாது."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சரிங்க. உங்க இஷ்டம்."

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஊர் ஜனத்துக்கெல்லாம் பார்வையைச் சரி செய்து அனுப்புகிறேன். மனைவி ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தால் அது விட்டுக்கொடுத்தது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் புஷ் ஏறியது. மாமனாரைக் கூட்டி வரப் போனேன். போகும்போதே என் பல் வரிசை ரெண்டும் ஒன்றோடொன்று தந்தி அடித்தது. ஒரு பைசா நாணயத்தின்மேல் சக்கரம் ஏறினால், பூவா தலையா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். எனக்கு ஒரே ஆனந்தம்.

மாமனார் வழக்கம் போல முன் சீட்டில் கம்பி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் நல்ல ரோட்டை விட்டுவிட்டு, ஊரில் இல்லாத குறுக்கு வழியெல்லாம் கண்டுபிடித்தேன்.

"மாப்பிள்ளை, அந்தப் பக்கம் தார் ரோடு இருக்கே?"

"இது கிட்டம், மாமா."

கடகட.

"மாப்பிள்ளை, வண்டியில ஏதோ..."

"புதுசா புஷ் போட்டிருக்கேன், மாமா. பந்தயத்துல போடுறது."

கடகட கடகட.

"யா...யாரோட ப...பந்தயம்?"

அதற்குப் பிறகு அவர் ரெண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் இந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று அவர் மனசுக்குள் சபதம் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பள்ளத்தைக் கூட வீணாக்காமல் வந்து சேர்ந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கதவைத் திறந்தேன். ஏறும்போது ஆச்சரியக்குறியாக இருந்தவர், இறங்கும்போது கேள்விக்குறியாக இறங்கினார். இறங்கினார் என்பதே மரியாதைக்குச் சொல்வது. நானும் மனைவியும் சேர்ந்து அவரை இறக்கினோம்.

டாக்டர் வந்து பார்த்தார். தசைப் பிடிப்புதான், பயப்பட ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்றார். எனக்கும் உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது.

"ஆனா இவர் கார்ல திரும்பிப் போகக் கூடாது. இங்கயே ஓய்வா இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"முதுகு சொல்ற வரைக்கும்."

டாக்டர் போன பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு கூட இல்லை.

"மஞ்சள் நல்லா உழைக்குதுங்க."

மாமனாரை என் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். என் தலையணை அவர் முதுகுக்குப் போனது. அவரால் டிரில் செய்ய முடியாது. அதனால் என்ன? என்னால் முடியுமே! முன்பெல்லாம் அவரும் கூடச் சேர்ந்து குனிந்து நிமிர்வார், அவருக்கு மூச்சு வாங்கினால் எனக்கு விடுதலை கிடைக்கும். இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊதினார். உட்கார்ந்து ஊதுகிறவருக்கு எப்படி மூச்சு வாங்கும்?

"மாப்பிள்ளை, முட்டி மடங்கக் கூடாது!"

"மாமா, இது முட்டி இல்ல, தொப்பை."

"அப்போ தொப்பை மடங்கக் கூடாது!"

பாப்பா கை தட்டியது. நான் குனியும்போதெல்லாம் தட்டியது. சில நாளில் விசிலை அதன் கையில் கொடுத்துவிட்டார். அதற்கு நிறுத்தத் தெரியாது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வீடு மாறித்தான் போனது. பாப்பா வேளைக்குத் தூங்கியது. நான் வேலை முடிந்து வந்தால் மனைவி தலை சீவி, முகம் கழுவி, சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஒரு நாள் அவள் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் பேண்ட்டில் ஒரு பித்தான் நான் மூச்சடக்காமலே பூட்டிக்கொண்டது. ஆனாலும் மனிதனுக்கு நாற்காலி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

முதுகு ஒரு வழியாகப் பேச ஆரம்பித்தது. வண்டி குலுங்காமல் போனால் பயணம் செய்யலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"மஞ்சளைக் கழட்டுங்க. கறுப்பைப் போடுங்க."

"அன்னிக்கே நான் முதுகுன்னு..."

இருமினேன். பழக்கம்.

வண்டியைத் தூக்கி வைத்து கறுப்பை ஏற்றினார். ஆனால் நட்டை இறுக்காமல் வண்டியைக் கீழே இறக்கினார். "ஏன்?" என்றேன். "தூக்கி வச்சிருக்கும்போதே இறுக்கினா, கீழ இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கும் சார். முறுக்கிக்கிட்டே ஓடினா சீக்கிரம் கிழிஞ்சுடும். தரையில நின்ன பிறகுதான் இறுக்கணும்." மாப்பிள்ளை முறுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. என்னை யாரும் சரியான நேரத்தில் தரையில் இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மாமா சுகமாப் போகணும்னு மெத்துனு புஷ் மாத்திட்டேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசுங்க" என்றாள். "அப்பாவைக் கொண்டுபோய் விடும்போது நானும் வர்றேன்."

"தாராளமா வா!"

ரெண்டு நாள் கழித்துக் கிளம்பினோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பள்ளம் வந்தது, போனது, யாருக்கும் தெரியவில்லை. பாப்பா பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. மாமனார் முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் சீட்டி அடித்தபடி ஓட்டினேன்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். "ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்று உள்ளே போனார். மனைவி இறங்கவில்லை. எனக்கு அதுவும் வசதி, இன்ஜினைக் கூட அணைக்கவில்லை.

வெளியே வந்தார். கையில் ஒரு பெட்டி. பின்னால் சின்ன வயசுக்காரர் ஒருவர் இன்னும் ரெண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, இவர்தான் நம்ம வீட்டுக்கு வாடகைக்கு வர்றவர். என் பழைய மாணவர், என் பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்."

"வாடகைக்கா? அப்போ நீங்க?"

மாமனார் என் தோளில் கை வைத்தார். டிரில் மாஸ்டர் குரல் இல்லை, வேறு ஒரு குரல்.

"என் பொண்ணு ரொம்ப நாளாவே கூடவே வந்து இருங்கப்பான்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தா. மாப்பிள்ளைக்கு நான் பாரமா இருப்பேனோன்னு யோசிச்சேன். எனக்கு முதுகு வலிக்குதுன்னு போட்ட புது சாமானையே கழட்டி வீசிட்டு, மெத்துனு மாத்தினீங்க பாருங்க... அப்பவே சரின்னுட்டேன்."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் பாப்பாவின் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னுதான் இருந்தேங்க" என்றாள். "கேட்கிறதுக்குள்ள நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க."

வாடகைக்காரர் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, என் ரெண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்க சார். மாமனாரைக் கூடவே வச்சுக்கணும்னு வண்டிக்கு அடியில கிடந்ததையே மாத்தின மனுஷன் நீங்கதானா!"

நான் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்துவிட்டேன்.