முப்பத்தொரு களஞ்சியங்களும் ஒரு மீசையும்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நான், உன் அக்கா, மூன்று தையல் இயந்திரங்கள், புதிதாகக் குடிவந்திருக்கும் சர்வர் ஒன்று, அனைவரும் நலம். அங்கு நீயும் உன் மனைவியும், குறிப்பாக உன் மீசையும், நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். மீசையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. அதைக் கண்ணாடியில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மேலே படி.

போன மாதம் தொலைபேசியில் பேசியதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பதினெட்டு வருடமாக நம் புரோகிராம்களையெல்லாம் வைத்துக் காத்துவந்த நிறுவனம் மூடப்போகிறது, இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்து முப்பத்தொரு களஞ்சியங்களையும் அதற்கு மாற்றப்போகிறேன் என்றேன். நீ சிரித்தாய். அதோடு விட்டாயா? "அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? முப்பத்தொண்ணும் ஒரு எழுத்து, ஒரு பேர் மாறாம வந்து சேர்ந்துட்டா நான் மீசையை எடுத்துடறேன்" என்றாய். வராவிட்டால் என் மீசையை எடுக்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அக்கா சாட்சி.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இந்தக் கடிதத்தை நீ வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும் என்பதால் விளக்கியே எழுதுகிறேன். களஞ்சியத்தில் இருப்பது புரோகிராம் மட்டுமல்ல. அதில் செய்த ஒவ்வொரு திருத்தமும், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற குறிப்போடு, முதல் நாளிலிருந்து அப்படியே இருக்கும். வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கும் உன் அக்காவின் தையல் கடையில் யாருக்கு என்ன அளவு என்று சொல்லும் புரோகிராமை அவளும் நானும் சண்டை போட்டுக்கொண்டே எழுதிய கதை முழுவதும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நாங்கள் அவ்வளவு உண்மையாக இல்லை. அது அழிந்துபோனால் எனக்குத் தாங்காது. மீசையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்து சர்வராக்கினேன். கடையில் காலியாக இருந்த ஒரே பிளக், உடை மாற்றும் அறையில். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தேன். மறுநாளே, நீச்சல் கற்றுத்தரும் அம்மா ஒருவர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, மூலையில் ஏதோ கண் சிமிட்டுகிறதே, கேமராவா என்று கேட்டார். வெறும் விளக்குதான் அம்மா என்று நான் விளக்கப்போக, பெண்கள் உடை மாற்றும் அறையைப் பற்றி உங்களுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும் என்று அவர் கேட்க, உன் அக்கா என்னையும் சர்வரையும் சேர்த்து அப்புறப்படுத்தித் துணி அலமாரிக்கு அனுப்பினாள். சர்வரை உள்ளே, என்னை வெளியே. அலமாரியில் அது கம்பளித் துணிகளுக்கு நடுவே வெந்து, மூச்சுத் திணறி, பதினோராவது களஞ்சியத்தில் படுத்துவிட்டது. தூக்கி வந்து ஜன்னலோரம் காற்றாட வைத்தேன், பிழைத்தது. சந்தோஷத்தில் அதற்கு வீட்டு நெட்வொர்க்கில் நிரந்தர முகவரி ஒன்று கொடுத்தேன். அது, துணி வெட்டும் படங்களை அச்சடிக்கும் பிரின்டருக்குப் போன வருடம் நானே கொடுத்த முகவரி. ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர் குடியிருந்தால் தபால்காரர்தான் என்ன செய்வார்? அரை நாள் பிரின்டர் பேசவில்லை, உன் அக்காவும் பேசவில்லை. இரண்டு பேரில் பிரின்டர்தான் முதலில் பேசியது.

பிறகு பெயர்கள். பழைய களஞ்சியங்களில் முழுப்பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். உன் அக்கா ஊசி, நான் கத்தரி, படிப்பு முடிந்து எங்கள் வீட்டில் ஆறு மாதம் தங்கி வேலை கற்றுக்கொண்ட நீ மீசை. புதிய ஏற்பாட்டில் எந்தப் பட்டப்பெயர் யாருடையது என்று பட்டியல் கொடுத்தால்தான் உள்ளே விடும். நான் பட்டியல் போடும்போது உன் அக்கா, ஒரு தடவை சரிபார்க்கட்டுமா என்றாள். மூன்று பேர் இருக்கிற பட்டியலில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முப்பத்தோராவது களஞ்சியம் வந்து இறங்கியது. எண்ணிப் பார்த்தேன். அங்கே நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள், இங்கேயும் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. எட்டே நிமிடத்தில் அந்த நிறுவனம் விளக்கை அணைத்தது. நான் அளவு நாடாவை மாலையாகப் போட்டுக்கொண்டு கடை நடுவில் நின்றேன். நீச்சல் அம்மா, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். முதன்முதல் குறிப்பைத் திறந்து படித்தேன். உன் அக்கா எழுதியது: "கத்தரி சொன்னபடி செய்தேன், ஓடவில்லை. எனக்குத் தோன்றியபடி செய்தேன், ஓடுகிறது." சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒருத்தியோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேனே என்று பெருமையாக இருந்தது.

ஆகவே மைத்துனரே, ஆழம் தெரியாமல் காலை விட்டது உன் தவறு. ஞாயிற்றுக்கிழமைக்குள் மழித்த முகத்தின் புகைப்படங்கள் எனக்கு வந்து சேர வேண்டும், முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கடையில் மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது. மனம் தளராதே. யானைக்கும் அடி சறுக்கும்.

ஒரே ஒரு குறையைத் தவிர மற்ற எல்லாச் செல்வமும் பெற்று நீயும் உன் மனைவியும் நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெற்றிக் களிப்பில் இருக்கும் உன் அத்தான்,
கத்தரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். நேராகப் போய் சர்வரைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். பட்டியலின் இடப்பக்கம் ஊசி, கத்தரி, மீசை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் மட்டும், பழக்கதோஷத்தில், என் பெயரிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். நான், நீ, உன் அக்கா. அதனால் அவள் வேலையெல்லாம் என் பெயரில், என் பதினெட்டு வருட உழைப்பு உன் பெயரில். அன்று முதல் குறிப்பைப் படித்து அழுதவன், அதன் மேலே இருந்த பெயரைப் பார்க்கவில்லை. கத்தரி சொன்னபடி செய்தால் ஓடாது என்பதற்கு இப்போது நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆறு மாதத்தில் நீ ஊரில் எல்லோருடைய இடுப்பளவையும் இரட்டிப்பாக்கினாயே, அது அவள் பெயரில். அரை நாளில் திருத்திவிடுகிறேன் என்றேன். "திருத்துங்க. ஆனா ஒரு பேர் மாறாமன்னுதானே பேச்சு? வெள்ளிக்கிழமை மதியமே முடிஞ்சு போச்சு" என்றாள் சாட்சி.

புகைப்படங்கள் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன், முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பார்த்ததும் கிழித்துவிடு. ஆணியை உன் அக்கா பிடுங்கவிடவில்லை. சர்வர் நன்றாக ஓடுகிறது.