பாதிச் செய்தி அண்ணனைத் தேடிய ஆறாம் பக்கம்

மாத்தளையில் ஒரு மனிதனை நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்க விடாதவர் யார் என்று கேட்டால், நான் பாதிச் செய்தி அண்ணனைத்தான் காட்டுவேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவருக்குப் பேப்பர் கடை. எல்லாரும் போனில் செய்தி பார்க்கத் தொடங்கியதும் பேப்பர் மிஞ்சியது. இப்படியே போனால் பேப்பர்க் கட்டு அனுப்ப மாட்டோம் என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. எங்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார். விடியும்போதே அதில் அவர் குரல் வரும்.

"எல்கடுவ ரோட்டுல லொறி பெரண்டிருக்கு. உள்ள என்ன இருந்துச்சு? மூனாம் பக்கம். கடை தொறந்திருக்கு."

மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டும்போதும் எனக்கு லொறி நினைப்புதான். வாங்கிப் பார்த்தால் கோவா, வெறும் முட்டைக்கோஸ்.

மரண அறிவித்தல் அதைவிட மோசம். "நம்ம ஊரு ஆள் ஒருத்தர் ஆறாம் பக்கத்துல. பேரு சொல்ல மாட்டேன்." யாருக்கென்று தெரியாமலே என் மனைவி அழத் தொடங்குவாள்.

"சாவுலகூடவாண்ணே இப்படி?"

"முழுசும் போன்ல சொன்னா, என் மூஞ்சியப் பாக்கவா தம்பி கடைக்கு வருவீங்க?"

அலுப்போடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் குரல் வரவில்லை. மறுநாளும் இல்லை. போனை எடுக்கவில்லை. தனி ஆள், கேட்க வீட்டிலும் யாருமில்லை. கடை பூட்டியிருந்தது. பஸ்ஸில் வந்த கட்டைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முதலாளி பிரித்து வைத்திருந்தார். நான் போனபோது குரூப்பே அங்கே நின்றது. எல்லார் கையிலும் ஆறாம் பக்கம். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் படம் படமாகத் தேடினோம்.

"இவரா பாருங்க, மீசை இருக்கு."

"அது பொம்பளைங்க, முதலாளி. கண்ணாடியப் போடுங்க."

அவர் இல்லை. மாரியம்மா காப்பாற்றினாள். அன்றைய கட்டு முழுதும் விற்று, ஒரு பேப்பரும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள், ஒரு கண்ணில் கட்டோடு கண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கண் ஒப்பரேஷனாம்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னண்ணே?"

"சொல்லியிருந்தா பேப்பர் வித்திருக்குமா?"

கட்டு இன்னும் வருகிறது, எத்தனை நாளைக்கோ. எனக்கு முழங்கால் வலி, மேடேறி இறங்க முடிவதில்லை. ஆனாலும் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கடைக்கு நடக்கிறேன். செய்தியெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. அவர் மூஞ்சி வருவதில்லை.