தலையாட்டி வாங்கிய இயர்போன்

"உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லை" என்று காது டாக்டர் சொன்ன அன்று, லிஃப்ட்காரர் இடி விழுந்த மாதிரி முகத்தோடு வீடு திரும்பினார். வேறு யாராவதாக இருந்தால் வழியில் இனிப்பு வாங்கியிருப்பார்கள். இவருடைய நிலைமை வேறு. கல்யாணமான நாளிலிருந்து இவர் குடும்பம் நடத்தியதே "காதுல விழலையே" என்ற ஒரே பதிலை வைத்துத்தான்.

துணி காய்ஞ்சுடுச்சு, எடுங்க. காதுல விழலையே. யாரோ பெல் அடிக்கிறாங்க, பாருங்க. காதுல விழலையே. பரணைக் காலி பண்ணுங்க, பரணைக் காலி பண்ணுங்க, பரணைக் காலி பண்ணுங்க. ம்? என்னமோ சொன்னியா?

இந்தப் பரண் விஷயம்தான் வீட்டில் பெரிய வழக்கு. லிஃப்ட் பழுதுபார்ப்பது இவர் தொழில். எந்தக் கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றினாலும் அதிலிருந்து கப்பி, மோட்டார், மாடி எண் போட்ட பட்டன் என்று ஏதாவது ஒன்றைத் தூக்கி வந்துவிடுவார். "ஒரு நாளைக்கு ஆகும்" என்பார். அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. பெட்டி எடுக்கலாம் என்று மனைவி பரண் கதவைத் திறந்தால், முதலில் தலையில் விழுவது ஏதாவது ஒரு இரும்பு.

மனைவி மட்டும் லேசுப்பட்டவளா? பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களைத் திறக்கவைத்துப் பழகியவள். "பாவம், இந்த வயசுலயே காது போச்சே" என்று ஊரெல்லாம் வருத்தப்பட்டுவிட்டு, இவரைக் கையோடு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். புத்திசாலியாக இருந்தால் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கலாம். தொழில் புத்தி விடுமா? லிஃப்ட் பத்தாவது மாடியில் இருக்கும்போதே கீழே நின்றுகொண்டு "பேரிங் போச்சு" என்று சொல்கிற காது அது. எறும்பு நடக்கிற மாதிரி வந்த சத்தத்துக்கெல்லாம் பட்டனை அமுக்கினார். அதோடு விட்டாரா, வெளியே வந்து, "வலது பக்கம் லேசா இரையுது சார், உங்க மெஷின்ல ஒரு வயர் லூசு" என்று வேறு சொன்னார். டாக்டர் பார்த்தார். வயர் லூசாகத்தான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பஸ்ஸில் வரும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"காது ரொம்ப நல்லா இருக்காமே."

"ஆமா போலிருக்கு."

"அப்ப பரண்?"

லிஃப்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இனி இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு நாற்காலியில் உட்கார முடியாது என்பது புரிந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்கு யோசனை சொல்ல யாராவது வந்து சேர்வது வழக்கம். இவருக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு இந்தக் கட்டடத்தில் "ஆராய்ச்சி" என்று பெயர். எதையும் ஆராயாமல் வாங்க மாட்டார். மிக்ஸி வாங்க ஆரம்பித்த ஆராய்ச்சி முடிவதற்குள் அந்த மிக்ஸியைச் செய்கிற கம்பெனியையே மூடிவிட்டார்கள். இப்போது கொஞ்ச காலமாக இயர்போன் ஆராய்ச்சியில் இருந்தார்.

"சாதாரண இயர்போனெல்லாம் வேஸ்ட் சார்" என்றார் மாடிப்படியில் நின்றபடி. "காதுக்கு அச்செடுத்துச் செய்யறது ஒண்ணு இருக்கு. காதுக்குள்ள பேஸ்ட் ஊத்துவாங்க. இறுகினதும் எடுத்து, அந்த அளவுக்கே செஞ்சு குடுப்பாங்க. டிரம்ஸ், வயலின், பேச்சு, பாட்டு, எதைக் கேட்டாலும் அப்படியே நேர்ல கேக்கற மாதிரி. மாட்டிட்டீங்கன்னா பக்கத்துல இடி இடிச்சாலும் தெரியாது."

"இடியை விடுங்க சார். பொண்டாட்டி கூப்பிட்டா?"

ஆராய்ச்சி தன் வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குத்தானே சார் நான் ஆராய்ச்சியே பண்றேன்."

லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனஸ் வேறு வந்திருந்தது. அந்த இயர்போன் விலையைச் சொன்னால் உங்களுக்கும் காது அடைத்துவிடும், அதனால் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் காது நன்றாக இருக்கிற மனிதனுக்குக் காதுகேளாமை சும்மா கிடைக்குமா? செலவு பண்ணித்தான் ஆகவேண்டும் என்று முடிவெடுத்தார்.

மனைவியிடம் இசை ஆர்வம் என்று சொன்னார்.

"இசையா? உங்களுக்கா?"

"ரத்தத்துலயே ஊறினது."

"நம்ம கல்யாண ரிசப்ஷன்ல ஒருத்தர் உருகி உருகிப் பாடினாரு. இவர் எப்ப முடிப்பாரு, பசிக்குதுன்னு எங்க அப்பாகிட்டயே கேட்டீங்க."

"அது பசி. இது ரசனை. இப்ப எனக்கு எல்லா வகையும் கேக்கணும். வயலின் கேக்கணும், புல்லாங்குழல் கேக்கணும், கிட்டார் கேக்கணும்..."

"நான் சொல்றதை மட்டும் கேக்க வேணாம்."

"சேச்சே, அது எப்பவும் உண்டு."

மனைவி கை வேலையை நிறுத்தினாள். மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும்தான் ஆசை. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பல்லு ராவற மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தப்புறமும் அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஒரு மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்டா அது நிக்குமோன்னு இருக்கும்."

ஒரு பெண் வாய்விட்டுச் சொன்ன ஆசை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், நல்ல காதுதான். ஆனால் மனசு காதுக்குள் ஊற்றப்போகிற பேஸ்டிலேயே இருந்தது. "ம்ம்" என்றார்.

"சரி, நானும் கடைக்கு வரேன்" என்றாள் மனைவி.

அந்தக் கடையில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து மூடியிருந்தது. விற்பனை செய்கிற இளைஞர் ரகசியம் சொல்கிற குரலில் பேசினார்.

"இது கொஞ்சம் கதகதப்பான சத்தம் சார். இந்தப் பக்கம் இருக்கறது குளிர்ச்சி. இதுல மேடை நல்லா அகலமா இருக்கும்."

"எந்த மேடை?" என்றாள் மனைவி.

"பாடறவங்க நிக்கற மேடை மேடம்."

"இத்தனூண்டு காதுக்குள்ள மேடை வேற போடறாங்களா?"

"போட்டுக் கேளுங்க, தெரியும்" என்று அவளுக்கும் ஒன்றைக் கொடுத்தார்.

அவள் போட்டாள். கண்ணை மூடினாள். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கேட்டாள். "முதல்ல குடுத்ததுல டிரம்ஸ் நல்லா இருந்துச்சு, ஆனா பாடறவர் குரல் பின்னால போயிடுச்சு. இதுல குரல் தெளிவு, வயலின்தான் கொஞ்சம் காதைக் கூசுது. அந்த மூணாவதுல எல்லாம் அதது எடத்துல இருக்கு" என்றாள். இளைஞர் அசந்துவிட்டார். இத்தனை தெளிவாகச் சொல்கிற ஆள் வருஷத்தில் ஒருவர் வந்தால் அதிகமாம்.

"சார் என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். "இதுல வெளிச்சத்தம் கேக்குமா?"

கடைசியில் அந்த மூன்றாவதையே எடுப்பது என்று முடிவானது. அடுத்து அச்சு. நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குள் முதலில் ஒரு சின்னப் பஞ்சை வைத்தார்கள். அப்போதே இவருக்குக் கிச்சுகிச்சு. பேஸ்ட் சில்லென்று உள்ளே இறங்கியதும் நாற்காலியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார். எடுத்துப் பார்த்தால் அச்சு கடித்துத் துப்பிய மிட்டாய் மாதிரி இருந்தது. மறுபடி ஊற்றினார்கள். மறுபடி சிரித்தார்.

"ஆடாம இருக்கணும் சார்."

"நான் ஆடலை தம்பி, காதுதான் ஆடுது."

"தள்ளுங்க, எப்படி உக்காரணும்னு நான் காட்டறேன்" என்று மனைவி உட்கார்ந்தாள். தினமும் அவளே பல் அச்சுக்குப் பேஸ்ட் கலக்குகிறவள். சிலை மாதிரி இருந்தாள். அச்சு வார்த்து எடுத்த மாதிரி வந்தது. அதைப் பார்த்து ரோஷம் வந்து லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை உட்கார்ந்தார். இந்தத் தடவை ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. இரண்டு பேருடைய அச்சும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பணம் கட்டுவதற்கு முன்னால் இவருக்கு ஒரு சந்தேகம். பேரிங் வாங்கினாலும் சுற்றிப் பார்த்து வாங்குகிறவர் ஆயிற்றே.

"கடைசியா ஒரு தடவை மாட்டிப் பாத்துக்கறேன்" என்று காட்டுவதற்காக வைத்திருந்த ஜோடியை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டார். பாட்டை வைக்கச் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீ பேசு. வெளிச்சத்தம் எவ்வளவு வருதுன்னு பாக்கறேன்" என்றார்.

மனைவி பேசினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆஹா.

"இன்னும் பேசு."

அவள் தட்டில் இருந்த அச்சைக் காட்டி என்னமோ சொன்னாள். ஒரு விரலை மடித்து, புருவத்தை உயர்த்தி இவரைப் பார்த்தாள். இவர் தலையாட்டினார். அடுத்த விரலை மடித்தாள். மேலே கையைக் காட்டினாள். இவர் இன்னும் பலமாக ஆட்டினார். இத்தனை வருஷம் கேட்டும் கேட்காமல் தலையாட்டிய அனுபவம் கழுத்தில் இருந்தது. இப்போது நிஜமாகவே கேட்காமல் ஆட்டுவதில் ஒரு தனிச் சுகம். மூன்றாவது விரலுக்குக் கண்ணை மூடிக்கொண்டே ஆட்டினார். கடை இளைஞரும் ஏதோ கேட்டார். அவருக்கும் ஒரு ஆட்டு.

கழற்றியதும் மனைவி கேட்டாள். "சரிதானே? அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறவே மாட்டேன். இதையே செஞ்சு அனுப்பச் சொல்லு."

இளைஞர் கடை வாசல் வரை வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி வீட்டுக்காரர் கிடைக்கக் குடுத்துவெச்சிருக்கணும் சார்" என்றார். வியாபாரம் நடந்தால் இப்படித்தான் புகழ்வார்கள் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

பெட்டி ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தது. ஜன்னலோர நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, சாட்சிக்கு ஆராய்ச்சியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். பளபளவென்று இரண்டு. வலது பக்கத்தை எடுத்துக் காதில் வைத்தார். போகவில்லை. திருப்பினார். அமுக்கினார். எண்ணெய் தடவினார். காது சிவந்ததுதான் மிச்சம்.

"புதுசு சார், பழகணும்" என்றார் ஆராய்ச்சி.

"காதா, இயர்போனா?"

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவர் கையிலிருந்து வாங்கினாள். தன் காதில் வைத்து லேசாக ஒரு திருப்புத் திருப்பினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"உனக்கு எப்படிச் சரியா இருக்கு?"

"என் காது அச்சு. எனக்குச் சரியா இல்லாம வேற யாருக்கு இருக்கும்?"

"உன் அச்சா? யாரைக் கேட்டு அனுப்பினே?"

"உங்களைக் கேட்டுத்தான். உங்களுக்குக் காதுல பஞ்சு வெச்சாலே கூச்சம், பாட்டுக் கேக்கப்போறது நான்தான், என் அச்சையே அனுப்பட்டுமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. அந்தக் கடைத் தம்பிகூட, சார் நிஜமாத்தான் சொல்றீங்களான்னு கேட்டாரு. அதுக்கும் ஆட்டினீங்க."

லிஃப்ட்காரர் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்தார். "எனக்குக் காதுல விழலையே."

"உங்க காதுக்கு ஒரு குறையும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"இயர்போன் மாட்டியிருந்தேன்மா."

"கேக்கலைன்னா எதுக்குங்க தலையாட்டினீங்க?"

லிஃப்ட்காரர் உதவிக்கு ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்தார். ஆராய்ச்சி சுவரில் இருந்த காலண்டரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அது ஒரு விரல்தானே. இன்னும் ரெண்டு விரல் மடக்கினியே?"

"பரவாயில்லை, அது கண்ணுல பட்டிருக்கு. ரெண்டாவது, பெட்டி வர அன்னைக்கே பரணைக் காலி பண்ணித் தரேன்னீங்க. மூணாவது, லீவு நாள்ல சமையல் உங்களோடது. அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன்."

எதிர்வீட்டிலிருந்து ஆராய்ச்சியின் மனைவி வாசலுக்கு வந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. "எந்தக் கடைங்க அது?" என்று விசாரித்தார். ஆராய்ச்சியின் முகத்தில் ஈயாடவில்லை; மனைவி பின்னாலேயே தன் வீட்டுக்கு நழுவினார்.

லிஃப்ட்காரர் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறினார். தூசி மூக்கில் ஏறியது. ஒரு கப்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கீழே பார்த்தார். அவருடைய ஜன்னலோர நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. விரல் மட்டும் மடியில் தாளம் போட்டது. பல் ராவுகிற சத்தம் ஒருவழியாக நின்றுவிட்டது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை. கோபப்படத்தான் நினைத்தார், வரவில்லை. ஒரு கையால் கப்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஏணியில் வைத்தார். ஏணி வழுக்கியது.

"ஏணியை வந்து கொஞ்சம் பிடி."

அவள் விரல் அடுத்த தாளத்துக்குப் போனது.

"கப்பி கனமா இருக்கும்மா. ஏணி ஆடுது."

தாளம் நிற்கவில்லை. ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற மனிதர், இறங்க வழியில்லாமல் பரண் விளிம்பில் தொங்கினார். எந்த லிஃப்டிலும் கேட்காத குரலில் கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து, யோசித்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டது.

பாட்டு முடிந்திருக்க வேண்டும். மனைவி கண்ணைத் திறந்து, ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகக் கழற்றி, மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னமோ சொன்னீங்களா? காதுல விழலையே."