ஞானமலர் கப்பலில் புகைக்கும் இடம்

புகை பிடிப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அவசரப்பட்டு என்னைப் பற்றி ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் விட்ட புகையை ஓடிப் போய்ப் பிடிப்பது. அதற்குச் சம்பளமும் சீருடையும் தந்தார்கள்.

உல்லாசக் கப்பல். ஒரு பட்டணத்தையே தூக்கிக் கடலில் வைத்தது மாதிரி. அதற்குள் சாப்பிடலாம், ஆடலாம், சூதாடலாம், மனைவியோடு சண்டை பிடிக்கலாம். அறைக்குள் மட்டும் புகைக்க ஏலாது. பல்கனியிலும் ஏலாது. "சுற்றிவரக் கடல்தானே, யாருக்கு நட்டம்?" என்று பயணிகள் கேட்பார்கள். மேல் பல்கனியில் நின்று ஒருவர் சுண்டிவிடும் சிகரெட் துண்டு கடலுக்குப் போவதில்லை. காற்று அதை அக்கறையாக ஏந்திக்கொண்டுபோய்க் கீழ்ப் பல்கனியில் காயும் நீச்சல் உடுப்பில் வைக்கும். கப்பல்காரன் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் பயந்தவன். அதனால் திறந்த தளத்தில், காற்றுப் பார்த்து ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள். புகைப்பதென்றால் அங்கே மட்டும். வேப் என்ற குழாயை உறிஞ்சி வாசனை ஆவி விடுகிறவர்களுக்கும் அதே மூலைதான். ஆவியானாலும் புகையானாலும் சட்டம் ஒன்று.

சட்டத்தைப் படித்த கையோடு பயணிகள் தந்திரத்தையும் படித்துவிடுவார்கள். கதவிடுக்கில் ஈரத் துவாயை அடைப்பார்கள். கூரையில் இருக்கும் புகை மணிக்குக் குளியல் தொப்பி போட்டுவிடுவார்கள். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவிக்குள் தங்கள் ஆவியைக் கலப்பார்கள். நான் கதவைத் தட்டுவேன். அதட்ட மாட்டேன். சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி: "எல்லாம் வசதியாக இருக்கிறதா, ஐயா?" அவ்வளவுதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே அந்தக் கேள்விக்கு வியர்த்திருக்கிறார்.

இந்த வீரச்செயல்களை எல்லாம் துறைமுகத்துக்குத் துறைமுகம் தொலைபேசியில் என் மனைவி ஞானமலருக்குச் சொன்னேன். தூரத்தில் இருக்கும் புருஷன் வேறு எதைச் சொல்வது? அவளும் "ஓம், ஓம், பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்பினால் கேட்கிறாள் என்று நினைத்தேன். பாடம் படித்திருக்கிறாள்.

இப்போது கப்பலை விட்டுத் திருகோணமலைக்கே வந்துவிட்டேன். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் வீடு. மேல்மாடியில் நின்றால் மூதூர்ப் படகு தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் உல்லாசக் கப்பலும் தெரியும். என்னோடு ஓர் இருமலும் வந்து இறங்கியது. டொக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஞானமலரைப் பார்த்தார். அன்றோடு வீட்டில் சிகரெட் முடிந்தது.

ஆனால் பெட்டிக்கு அடியில் ஒரு வேப் இருந்தது. மாம்பழ வாசம். சாம்பல் இல்லை, துண்டு இல்லை, தீக்குச்சி இல்லை. தடயமே இல்லாத குற்றம். ஒரு பின்னேரம் குளியலறைக்குள் போனேன். கதவிடுக்கில் ஈரத் துவாயை அடைத்தேன். எங்கள் வீட்டில் சுடுதண்ணீர்க் குழாய் கிடையாது. பரவாயில்லை என்று பச்சைத் தண்ணீரையே திறந்துவிட்டேன். முதல் இழுவை. கண்ணை மூடினேன்.

டொக், டொக்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"எல்லாம் வசதியா இருக்குதோ, ஐயா?"

எனக்கு வியர்த்தது.

"குளிக்கிறன் ஞானம்!"

"குளியுங்கோ, குளியுங்கோ. துவாயைக் கதவுக்குக் கீழ வைச்சிட்டு எதால துடைக்கப் போறீங்கள்?"

"அது... தண்ணி வெளியால வந்திடும் எண்டு..."

"நல்லது. அப்பிடியே அந்த மாம்பழத்தில எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தாங்கோ. இப்ப காலமும் இல்லை. எங்க வாங்கினனீங்கள்?"

அடுத்ததாக மதிலோரத் தென்னைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று படலைக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்தது. பிறகு குசினி யன்னலைப் பார்த்தது. யன்னலில் ஞானமலர் நின்றாள். ஊர் மான்கூட அவள் பக்கம்.

இப்படி எவ்வளவு காலம்? சொந்த வீட்டில், தலை நரைத்த வயதில், பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி ஒளித்துத் திரிவதா? தமிழில் யோசித்துப் பார்த்தேன். இங்கிலிஷிலும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு மொழியிலும் நான் சொல்வதுதான் நியாயமாக வந்தது. இந்த வீட்டில் எனக்கென்று சட்டபூர்வமாக ஓர் இடம் பிடித்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

காலையில் பாணையும் சம்பலையும் முடித்துவிட்டுத் தொடங்கினேன்.

"ஞானம், கப்பல் கம்பனிக்காரங்கள் மடையங்களோ?"

"அதை எப்பிடிச் சொல்லுறது? உங்களை இவ்வளவு காலம் வேலைக்கு வைச்சிருந்தவங்கள்."

"பகிடியை விடு. அவங்கள் சிகரெட் குடிக்காதை எண்டு சொல்லுறேல்ல. ஒரு இடம் குடுக்கிறாங்கள். அப்பிடி எனக்கும் ஒரு இடம் தா. மேல்மாடி, வலப்பக்க மூலை. அதை விட்டு வேற எங்கயாவது நான் இழுத்தா நீ என்ன தண்டனையும் தரலாம்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "கப்பல் சட்டம் முழுக்கவோ? இல்லாட்டி உங்களுக்குப் பிடிச்ச துண்டு மட்டுமோ?"

"முழுக்க!"

"பிறகு கதை மாறக் கூடாது."

"சத்தியமா மாறாது."

"அப்ப கப்டன் ஆர்?"

இந்த இடத்தில் நான் பெருந்தன்மை காட்டினேன். "நீதான்."

"சரி. முதல்ல உடுப்புக் கொடியை மற்றப் பக்கம் மாத்துங்கோ. இது கச்சான் காத்து. மணம் முழுக்க உடுப்பில பிடிக்கும்."

இவ்வளவு சுகமாக அவள் இறங்கி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வென்றவனுக்கு எது உறைக்கும்?

அந்தக் கிழமை முழுக்க வேலை. தடி நட்டேன். தகரம் அடித்தேன். ஹோலில் கிடந்த என் சாய்மனைக் கதிரையை மாடிப்படியில் முதுகு பிடிக்கத் தூக்கிக்கொண்டு போனேன். கப்டன் ஒவ்வொரு பின்னேரமும் மேற்பார்வைக்கு வந்தாள்.

"மண் வாளி எங்க?"

"வேப்புக்கு எதுக்கு மண் வாளி? நெருப்பே இல்லையே!"

"ஆவியோ புகையோ, சட்டம் ஒண்டுதானே?"

கடற்கரைக்குப் போய் மண் அள்ளி வந்தேன்.

"சாம்பல் கிண்ணம்? இன்னும் ரெண்டு கதிரை?"

"நான் ஒராள்தானே ஞானம்!"

"ஒரு கதிரை போட்ட புகைக்கிற இடம் எந்தக் கப்பலில இருக்குது?"

அதுவும் உண்மைதான். போட்டேன். 'புகைக்கும் இடம்' என்று இரண்டு மொழியில் பலகை எழுதி ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மாடியில் உடுப்புக் காயப்போட வந்த பல்கீஸ் எட்டிப் பார்த்தார்.

"மலரக்கா, அதென்ன போர்ட்?"

"கப்பலில இருக்கிற மாதிரி ஒரு இடம், பல்கீஸ். இனி வீட்டுக்குள்ள மணம் எண்ட பேச்சே இல்லை."

"அல்லாஹ்வே, எங்கட மனிசனுக்கும் இப்பிடி ஒண்டு வேணும்! மகள் பச்சைப் பிள்ளையோட வந்து நிக்கிறா. இவர் கிணத்தடியில நிண்டு ஊதிட்டு, அதே வாயோட வந்து பிள்ளையைக் கொஞ்சுறார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆணியை இன்னும் பலமாக அடித்தேன். அந்தச் சத்தத்துக்குள் இரண்டு பெண்களும் தலையோடு தலை வைத்து என்ன கதைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் திறப்பு விழா. முகம் வழித்தேன். தோய்த்த சறம் உடுத்தேன். வேப்பைச் சட்டைப் பையில், ஒளிக்காமல், பதக்கம் மாதிரிச் செருகிக்கொண்டு படியேறினேன்.

என் சாய்மனைக் கதிரையில் ஒருவர் சாய்ந்திருந்தார். பல்கீஸின் கணவர் ஜவ்பர். விரலிடுக்கில் சிகரெட். இரண்டாவது கதிரையில் ஞானமலரின் தம்பி மெல்ரோய். மூன்றாவது கதிரையில் மெல்ரோயின் கால்கள்.

"வாங்க மச்சான், வாங்க!" என் வீட்டில் ஜவ்பர் என்னை வரவேற்றார். "நல்ல இடம். காத்தும் வருது, கடலும் தெரியுது. பல்கீஸ்தான் போங்க எண்டா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவ என்னை சிகரெட் குடிக்கப் போகச் சொன்னது இதுதான் முதல் தரம்."

"எனக்கு அக்கா கோல் எடுத்தவ, அத்தான்," என்றான் மெல்ரோய். "வீட்டில தர்ஷனாவும், பிள்ளையளுக்கு முன்னால குடிக்காம அங்க போங்கோ எண்டு கலைச்சுவிட்டாள்."

சரி, கூட்டம் இருந்தால் கலகலப்புத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மெல்ரோயின் கால்களை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பையில் கை வைத்தேன்.

"மச்சான், நீங்க கப்பல்லயும் இப்பிடித்தான், கடலைப் பாத்துக்கொண்டு ராசா மாதிரிக் குடிச்சிருப்பீங்க, என்ன?" என்று கேட்டார் ஜவ்பர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கதை! பயணிகளிட மூலையில வேலை செய்யிற ஆக்கள் ஒரு இழுவை இழுத்தா அண்டைக்கே வேலை போயிடும். எங்களுக்கு அடித்தட்டில, எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில ஒரு பொந்து. அதுவும் வேலை முடிஞ்ச பிறகுதான்."

பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஞானமலர் தட்டத்தோடு நின்றாள்.

"எழும்புங்கோ."

"ஏன்?"

"இது பயணிகளிட இடம்."

"நான் பயணிதானே!"

"பயணி எண்டா வந்து இருக்கிறவர். ஜவ்பர் நானா பயணி. தம்பி பயணி. தகரம் அடிச்சது ஆர்? மண் அள்ளினது ஆர்? கதிரை தூக்கினது ஆர்? நீங்கள் கப்பலில வேலை செய்யிற ஆள்."

"ஞாயம்தான் மச்சான்," என்றார் ஜவ்பர், என் கதிரையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து.

முழுச் சட்டமும் என்று சத்தியம் செய்தவன் நான். "சரி, வேலை செய்யிற ஆக்களிட இடம் எங்க?"

"கீழ. தண்ணி மோட்டருக்குப் பக்கத்தில."

"பரவாயில்லை, அங்க போறன்."

"போங்கோ. வேலை முடிஞ்ச பிறகு."

"எப்ப முடியும்?"

"ஒப்பந்தம் முடியேக்க."

"எந்த ஒப்பந்தம்?"

"கோயில்ல, பாதருக்கு முன்னால கையெழுத்து வைச்சது. எதுவரைக்கும் எண்டு நீங்களே வாயால சொன்னனீங்கள்."

மரணம் பிரிக்கும்வரை. நல்ல சத்தமாகத்தான் சொல்லியிருந்தேன். மெல்ரோய் கடலைப் பார்த்தான்.

ஞானமலர் கையை நீட்டினாள். குரல் தணிந்திருந்தது. "அந்த முடிவு பிந்தி வரட்டும் எண்டுதான் இவ்வளவும். கப்பலில நீங்கள் நிக்கேக்க தனிய இருந்தது காணும் எனக்கு. தாங்கோ."

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். வெறுமையான என் கைகளில் அவள் தேத்தண்ணித் தட்டத்தை வைத்தாள்.

"மச்சான்," என்றார் ஜவ்பர், "அதை வைச்சிட்டு இந்தச் சாம்பலைக் கொஞ்சம் கொட்டிக்கொண்டு வாங்க."